விஜி சொன்ன பொய்

உளுந்தூர்பேட்டையிலிருந்து களமருதூர் வழியாகப் போகும் சாயங்கால டவுன் பஸ்ஸில் உட்கார இடம் பிடித்தவர்களுக்கு ஒரு கடமை உண்டு. நிற்கிறவர்களின் பைகளை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. நீட்டிய பையை வாங்காதவர்களை இந்தப் பக்கத்து ஜனங்கள் மனுசராகவே மதிப்பதில்லை, அவ்வளவுதான். பையன்கள் பின்படியில் தொங்குவார்கள். அவர்களுடைய பைகள் மட்டும் ஜன்னல் வழியாக ஏறி, முன்பக்கத்துப் பெண்பிள்ளைகளின் மடியில் சொகுசாகப் பயணம் செய்யும். பையனும் பெண்ணும் நின்று நாலு வார்த்தை பேசினால் ஊர் கண் கொட்டாமல் பார்க்கும். பையை மட்டும் எத்தனை வேண்டுமானாலும் மடியில் வைத்துக்கொள்ளலாம். இது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான்சியின் மடியில் பைகள் மோவாய் வரைக்கும் இருந்தன. அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பக்கத்தில் விஜயலட்சுமி. இருவரும் ஒரே ஊர், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. விஜி ஏதோ சொல்ல, நான்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் பஸ் நின்றது. வெளியிலிருந்து ஒரு கை ஜன்னல் கம்பியைத் தட்டியது. அங்கே இறங்கிய வகுப்புத் தோழன் சிவசங்கரின் கை. நான்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே இருந்த பையைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

எல்லாம் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பை. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே இடத்தில் பிய்கிற ஒரே ஜிப்பு. அவள் தூக்கிக் கொடுத்தது தன் சொந்தப் பையை.

வீட்டுக்கு வந்ததும் அவள் முகம் கழுவப் போனாள். அப்பா கிறிஸ்துதாஸ் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து டீயோடு உட்கார்ந்திருந்தார். அம்மா அமலோற்பவம், தினமும் செய்கிற மாதிரி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவுவதற்காகப் பையைத் திறந்து கையை விட்டாள். கையோடு வந்தது டப்பா இல்லை. நீல நிறத்தில் ஒரு கபடி நிக்கர். பின்னாலேயே அதே நீலத்தில் ஒரு ஜெர்சி பனியன், முட்டிக்குப் போடும் உறை, வலி எண்ணெய் பாட்டில்.

"இன்னாடி இது?" என்றாள் அம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நிக்கரை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

கிறிஸ்துதாஸ் டீயைக் கீழே வைத்தார். "யாரு பை?"

நான்சி முகத்தில் தண்ணீர் சொட்ட வந்து நின்றாள். பதில் ரொம்பச் சுலபம். பஸ்ஸில் பை மாறிவிட்டது, கூடப் படிக்கிற சிவசங்கருடையது. இதைச் சொல்லிவிட்டுத் முகத்தைத் துடைத்துக்கொண்டு போகலாம். ஆனால் அந்த வீட்டில் 'கூடப் படிக்கிற' என்பதற்கு அடுத்து ஒரு ஆண்பிள்ளையின் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பெரியப்பா மகள் ஜெனிபர் பிளஸ் டூ படிக்கும்போது பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் ஒரு வகுப்புப் பையனோடு நின்று பப்ஸ் தின்றாள். தின்றது பப்ஸ்தான், வேறொன்றும் இல்லை. அடுத்த வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது திருப்பூரில் கையில் குழந்தையோடு இருக்கிறாள். அந்த சமயத்தில் கிறிஸ்துதாஸ் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எம்பொண்ணா இருந்தாலும் இதான்" என்று சொன்னார். நான்சி அடுப்படியிலிருந்து அதைக் கேட்டாள்.

இங்கே சிவசங்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் ஊர்க்காரர்கள் மாதிரியே நினைத்துக்கொள்வீர்கள். பத்தாவது படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்குச் சொட்டுநீர்ப் பாசன மாதிரி ஒன்று செய்ய, டீச்சர் மூன்று பேரை ஒன்றாகப் போட்டார். நான்சி, விஜி, சிவசங்கர். நான்சி குழாயெல்லாம் வெட்டி ஒட்டினாள். விஜி பார்த்துவிட்டு, "சூப்பர்டி!" என்று கட்டிக்கொண்டாள். சிவசங்கர் பார்த்துவிட்டு, "ஒழுவும்" என்றான். நான்சி ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை. கண்காட்சியில், தலைமையாசிரியர் குனிந்து பார்க்கும் நேரத்தில், அது அவர் சட்டைமேல் ஒழுகியது. விஜி தலைமையாசிரியரின் சட்டையைத்தான் குறை சொன்னாள். சிவசங்கர், "சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து நான்சியோடு சேர்ந்து மறுபடியும் ஒட்டினான்.

அன்றிலிருந்து அவர்கள் சிநேகிதர்கள். கணக்கில் சண்டை போடுவார்கள், மார்க்கில் போட்டி போடுவார்கள். போன வாரம் அவன் அவளிடம் ஒன்று சொன்னான். சனிக்கிழமை கல்வராயன்மலையில் இருக்கிற வெள்ளிமலையில் மேட்ச். மலைப்பசங்களுக்கு மூச்சு ஜாஸ்தி, அவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றான். டீம் பசங்களிடம் சொன்னால் வருசம் முழுக்க ஓட்டுவார்கள். அவர்கள் உயிரைக் கொடுப்பார்கள், ஆனால் பயத்தை மட்டும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். நான்சி கேட்டாள். கேட்டுவிட்டு, "பயமா இருந்தா பயந்துகினே ஆடு" என்றாள். அவன் சிரித்தான். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்கள் யோசித்ததில்லை. ஊர்தான் தயாராகப் பெயர் வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"கேக்கறன்ல? யாரு பை?" என்றார் கிறிஸ்துதாஸ் மறுபடியும்.

அந்த நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள் விஜி. தினமும் அந்த நேரத்துக்கு வருகிறவள்தான். அம்மா கையில் நிக்கரைப் பார்த்தாள், நான்சி முகத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐயய்யோ ஆன்ட்டி! அது எங்க பெரியப்பா பையனுது, நாளைக்கி மேட்ச்சு அவனுக்கு! நான்தான் பஸ்ஸுல வாங்கி இவ மடியில வச்சேன். மாறிப்போச்சா? எங்கண்ணன் இப்ப இவ பையத் தூக்கிக்கினு போயிருப்பான், லூசு!"

எவ்வளவு அழகான பொய் பாருங்கள். அண்ணனைத் திட்டவும் மறக்கவில்லை. வீட்டுக்குள் அடைத்துக்கொண்டிருந்த காற்று திரும்ப ஓட ஆரம்பித்தது. கிறிஸ்துதாஸ் டீயை எடுத்துக்கொண்டார். அமலோற்பவத்துக்கு வந்த நிம்மதியில் அந்த முகம் தெரியாத அண்ணன்மேல் பாசமே வந்துவிட்டது. "பாவம் புள்ள, நாத்தம் கொடலப் புடுங்குது. நாளைக்கி இதயா போட்டுக்கினு ஆடும்?" என்று பனியனையும் நிக்கரையும் கொண்டுபோய் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டாள்.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் தோழிகள் இருவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நான்சிக்குச் சிரிப்பு அழுகையாக மாறியது. விஜி தன் தாவணி முனையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். இது விஜியிடம் மட்டுமே கிடைக்கும். வயதுக்கு வந்த அன்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தபோது கையைப் பிடித்துக்கொண்டவள் விஜி. மூக்கு ஒழுக அழுதாலும், "ஏண்டி அழுவுற" என்று கேட்காமல் முதலில் மூக்கைத் துடைக்கிறவள். நான்சி செய்தது சரியா தப்பா என்று விஜி ஒருநாளும் பார்த்ததில்லை. நான்சி பக்கம் எதுவோ அதுதான் அவள் பக்கம்.

"எனக்கு ஒரு முட்டை பரோட்டா வாங்கித் தரணும்" என்றாள் விஜி.

"ரெண்டு வாங்கித் தரேன்" என்றாள் நான்சி.

அப்போதுதான் வாசலில் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டது.

சிவசங்கர் தன் அப்பா கண்ணாயிரத்தின் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கைப்பிடியில் நான்சியின் பை தொங்கியது. விடியற்காலையில் மலைக்கு வேன் கிளம்புகிறது. ஜெர்சி இல்லாமல் அவன் எப்படிப் போவான்? போன் நம்பர் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஊர்ப் பெயர்தான். "அங்கிள், நான்சி வூடு இதானுங்களா? கோயிலாண்ட கேட்டேன், இந்தத் தெருன்னாங்க" என்றான். மாதா கோயில் வாசலில் சாயங்காலம் உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று கிறிஸ்துதாஸுக்குத் தெரியும். நான்சி வீடு எது என்று ஒரு பையன் கேட்டுவிட்டுப் போனால், அவன் வந்து சேர்வதற்குள் தெருவே வந்து சேர்ந்துவிடும். ஏற்கெனவே எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் 'மாமா' என்று கூப்பிடாமல் 'அங்கிள்' என்று கூப்பிட்டது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம்.

விஜி பறந்து வந்தாள். "வாண்ணா! பை மாறிப்போச்சாண்ணா?" என்று சொல்லிக்கொண்டே கண்ணை இமைத்து இமைத்துக் காட்டினாள்.

"அண்ணனா?" என்றான் சிவசங்கர். இரண்டு வருசமாக அவனை 'டேய் சிவா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

கிறிஸ்துதாஸ் எழுந்து நின்றார். "தம்பி, நீ விஜியோட பெரியப்பா பையன்தான?"

சிவசங்கர் விஜியைப் பார்த்தான். பிறகு கதவோரம் நின்றிருந்த நான்சியைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஆ... ஆமாங்க அங்கிள்" என்றான்.

நான்சிக்கு அந்த 'ஆமாங்க' தாங்கவில்லை. ஒழுகும் என்றால் ஒழுகும் என்று மூஞ்சிக்கு நேரே சொல்கிறவன் அவன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று தெரிந்தும் ஒரு மார்க்கைக்கூடக் கூட்டிச் சொல்லாதவன். இப்போது அவளுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு, நாக்கு தடுமாறப் பொய் சொல்கிறான். அவனை இப்படி ஆக்கிவைத்துக்கொண்டு நாளைக்கு யாரோடு பேசப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. பொய் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளால் முடியவில்லை.

"இல்லப்பா. இவன் விஜி அண்ணன் இல்ல. என் கிளாஸ். பக்கத்தூரு கண்ணாயிரம் மவன். சிவசங்கர். என் ஃபிரெண்டு."

விஜி அவளை ஒரு பார்வை பார்த்தாள். நான்சி அதைக் கவனிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்ன?"

"ஃபிரெண்டுப்பா. பத்தாவதுலேர்ந்து. விஜிய மாதிரி."

"விஜிய மாதிரின்னா?" கிறிஸ்துதாஸின் குரல் உயர்ந்தது. எதிர்வீட்டுத் தலைகளைப் பார்த்ததும் இறங்கியது. இறங்கியபோது இன்னும் பயமாக இருந்தது. "அறிவு இருக்கா ஒனக்கு? நாளைக்கி ஒண்ணுன்னா அவன் வூட்ல ஒண்ணும் ஆவாது. அவங்க ஊருக்குள்ள நெலம் நீச்சோட இருக்கிறவங்க. நம்ம வூட்லதான் ஆவும். படிச்சது போதும். திங்கக்கெழமையிலேர்ந்து வூட்ல இரு."

அவர் கெட்ட மனுசர் இல்லை. பயந்த மனுசர். அவருடைய பயத்துக்கு இந்த நாட்டில் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் அவருடைய பயத்துக்கு எப்போதும் பெண்பிள்ளைகளின் படிப்புதான் விலையாகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான்சி அழவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "அப்பா, விஜி இல்லன்னா எனக்கு அழுவறதுக்கு ஆள் இல்ல. இவன் இல்லன்னா, நீ பண்றது தப்புன்னு சொல்றதுக்கு ஆள் இல்ல. ரெண்டும் வேணும்பா எனக்கு. இவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

 சிவசங்கர் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான். கடைசியில் வாயைத் திறந்தவள் அமலோற்பவம். கையெல்லாம் சோப்பு நுரை.

"பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம் அவ. நாம நம்பிட்டோம். நீ டீ கூட குடிச்சிட்ட. அவளா வந்து நெசத்தச் சொன்னா. இதுக்குப் போய் பள்ளிக்கூடத்த நிறுத்துனா, அடுத்த தபா நெசம் சொல்லுவாளா?" என்றாள். பிறகு, புருசனிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல், தனக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரியும் இல்லாமல், "எனக்குக் கல்யாணம் ஆன நாளா ஒரு சிநேகிதி கெடயாது. மனசுல இருக்கறதச் சொல்ல ஒரு நாதி கெடயாது. இவளுக்காவது ரெண்டு பேரு இருக்கட்டுமே" என்றாள்.

கிறிஸ்துதாஸ் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு ஒரு சிநேகிதி இல்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருந்தது. "திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த முடிவு இதற்கு முன்னால் தள்ளிப்போனதில்லை.

அமலோற்பவம் உள்ளே போய் நீல ஜெர்சியையும் நிக்கரையும் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் சொட்டியது. சிவசங்கர் தன் துணியைப் பார்த்துத் திகைத்தான். "தொவச்சிட்டீங்களா ஆன்ட்டி?"

 கிறிஸ்துதாஸ் ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து வந்து, ஈரத் துணியை வண்டியின் பின் கேரியரில் விரித்துக் கட்டினார். முகத்தில் சிரிப்பு கிரிப்பு ஒன்றும் இல்லை. "காத்துல காஞ்சிடும். வேகமா போவாத" என்றார். அவன் நான்சியின் பையைக் கொடுத்துவிட்டுத் தன் பையை மாட்டிக்கொண்டு, "சரிங்க அங்கிள்" என்று வண்டியைத் திருப்பினான்.

வண்டி போன பிறகுதான் நான்சி திரும்பிப் பார்த்தாள். விஜி இல்லை. வாசலில் அவளுடைய செருப்பும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் விஜி வரவில்லை. நான்சி தேடிக்கொண்டு போனாள். விஜியின் அம்மா பெரியநாயகி, "தூங்கறா கண்ணு" என்றாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. விஜிக்கு டிவி ஓடினால் தூக்கம் வராது. நான்சி திரும்பி வந்தாள். படிப்பு போனால்கூடப் பரவாயில்லை, விஜி போய்விட்டாளே என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. பிறகு, இல்லை, இரண்டும் போகக் கூடாது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிறிஸ்துதாஸ் டீக்கடையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "உன் ஃபிரெண்டு டீமு தோத்துடுச்சாம். ஆலையில எங்கூட இருக்கற செல்லமுத்து மவனும் அதுல ஆடறான். மலக்காரப் பசங்க மூச்ச உடாம பாடுறானுங்களாம். ஆனா உன் ஆளு நல்லா ஆடுனானாம்."

'உன் ஃபிரெண்டு.' நான்சி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள். அம்மா தலையைத் தூக்காமல், முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். 'உன் ஆளு' என்றும் சொல்லிவிட்டோம் என்று கிறிஸ்துதாஸுக்கு அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் நான்சி சீருடை போட்டுக்கொண்டு நின்றாள். அப்பா போகச் சொல்லவும் இல்லை, போக வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கிறிஸ்துதாஸ் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"விஜி இன்னா, ரெண்டு நாளா ஆளே காணம்?"

"கோவமா இருக்கா."

"அவ இல்லாம தனியா பஸ் ஏறாத. போய் கூட்டிக்கினு வா" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். உத்தரவு அவ்வளவுதான். இதைவிட நீளமாக அவருக்குச் சொல்லத் தெரியாது.

நான்சி ஓடினாள். விஜி வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஒருபக்கச் சடையைப் பின்னிக்கொண்டிருந்தாள். நான்சியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எதுக்கு வந்த? அவங்கூட போ."

நான்சி அருகில் உட்கார்ந்தாள். விஜியால் பேச்சை அடக்க முடியவில்லை. "உனக்காகத்தான்டி பொய் சொன்னேன்! உங்கப்பா முன்னால என்னப் பொய்க்காரியா ஆக்கிட்டல்ல? அவனக் காப்பாத்தணும்னு என்ன உட்டுட்ட. நான் போனதுகூட ஒனக்குத் தெரில."

நான்சிக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஏன் சொன்னேன், எப்படிச் சொன்னேன், வேறு வழி இல்லை. வழக்கமாக என்றால் விஜியும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, நீ செய்தது சரிதான் என்று சொல்லிவிடுவாள். அவர்கள் இருவருக்குள் தப்பு எப்போதும் மூன்றாவது ஆள்மேல்தான் விழும். டீச்சர்மேல், அம்மாமேல், தலைமையாசிரியர் சட்டைமேல்.

"தப்பு என்னுதுதான் விஜி" என்றாள். "நெசம் சொன்னது தப்பு இல்ல. உன்னத் திரும்பிப் பாக்காததுதான் தப்பு. நான் பாத்திருக்கணும்."

விஜி திரும்பினாள். இத்தனை வருசச் சிநேகத்தில் இருவரில் ஒருத்தி இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். சிவசங்கர் பேசுகிற மாதிரியே இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. மூக்கை உறிஞ்சினாள். நான்சி தன் கைக்குட்டையை எடுத்து அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"உங்கம்மா என்ன இன்னா நெனப்பாங்க?"

"எங்கப்பாதான் உன்னக் கூட்டிக்கினு வரச் சொன்னாரு."

"நெசமாவா?"

"நெசமா."

விஜி சீப்பை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். நான்சி அடுத்த சடையைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். ரோட்டுப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. இரண்டு பேரும் அசையவில்லை.

"இதப் பாரு" என்றாள் விஜி, தலையைத் திருப்பாமல். "இனிமே நெசம் சொல்லப் போறன்னா, மொதல்ல எங்கிட்ட சொல்லிட்டு அப்பறம் சொல்லு. நானும் கூட நின்னு சொல்றேன்."